குறுக்குக் கோடு போட்ட ஏழு

மூக்கம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரை இப்போது சம்பளப் பட்டியல் மட்டும்தான் உபயோகிக்கிறது. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷ வேலை. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் கால் வைக்கும்போது முந்தானை மூக்குக்கு ஏறினால், சாயங்காலம் வீட்டுப் படியில்தான் இறங்கும். முதலில் யாரோ கேலியாக வைத்த பெயர். பிறகு டாக்டர்களே "மூக்கம்மாகிட்ட குடுத்துடுங்க" என்று சொல்லும் அளவுக்கு நிலைத்துவிட்டது. அவள் காதிலும் விழும். கண்டுகொள்ளமாட்டாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூத்திரம், மலம், சளி, சீழ் எதுவும் அவளுக்கு அருவருப்பில்லை. மூடி திருகி, நம்பர் ஒட்டி, தட்டில் வரிசையாக நின்றால் அவளுக்கு அவை கடையில் அடுக்கின சர்பத் பாட்டில்கள் மாதிரிதான். அவற்றுக்குச் சொந்தக்காரர்கள்தான் ஆகாது. மாடிப்படி மூலையில் காய்ந்த எச்சில், லிஃப்ட் பொத்தானில் பிசுபிசுப்பு, கேண்டீன் டம்ளர் விளிம்பில் யாருடைய உதடோ விட்டுப்போன தடம், வார்டிலிருந்து வரும் புளித்த வாடை. "மனுஷங்களையும் மூடி போட்டு அனுப்பினா எவ்வளவு நல்லாருக்கும்" என்பாள். கூட வேலை பார்க்கும் நெட்டையன், "முதல் மூடி உங்களுக்குத்தான்" என்பான்.

வீட்டிலும் அப்படித்தான். வீட்டில் இருந்தது அவளும் கிடங்குக்காரரும் மட்டும். கிடங்குக்காரர் என்றால் அவள் புருஷன். மளிகை மொத்த வியாபாரிகளின் மூட்டைகள் அடைந்து கிடக்கும் ஒரு பெரிய கிடங்குக்குச் சாவி வைத்திருப்பவர். சிரித்த முகம், பெரிய குரல், அதைவிடப் பெரிய தும்மல். அவரிடம் அவளுக்கு ஆகாதது அவருடைய குதிகால். தீக்குச்சி நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பிலும் கருப்பாக ஒரு கோடு. களிம்பு வாங்கி வைத்தாள். அவர் அதைக் கிடங்குக் கதவின் கீலுக்குத் தடவினார். "கதவு சத்தம் போடாம திறக்குதும்மா" என்று பெருமை வேறு.

அந்த வருஷம் மழை பன்னிரண்டு நாள் விடாமல் பெய்தது. சாக்கடையும் தெருவும் ஒன்றாகிவிட்டன. எது எது என்று தெரியவில்லை. கிடங்குக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கிடங்குக்காரர் மூன்று நாள் அதில் நின்று, கீழ்வரிசை மூட்டைகளைப் பரணுக்கு ஏற்றினார். ஒருநாள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எலியெல்லாம் குடும்பத்தோட மூட்டை மேல ஏறி உக்காந்திருக்குது. ஒண்ணு மட்டும் செத்து, வயிறு உப்பி, என் முட்டியை இடிச்சுக்கிட்டே சுத்திச் சுத்தி வருது. தள்ளி விட்டா திரும்ப வருது. பாசக்கார எலி."

மூக்கம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். "கால்ல செருப்பு போட்டிருந்தீங்களா?"

"தண்ணில செருப்பு எங்க நிக்குது? அது எனக்கு முன்னாடி நீந்திப் போகுது."

அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? எலி மூத்திரம். அதில் வாழும் கிருமிக்கு மனிதக் காலில் ஒரு வெடிப்பு போதும், கதவு திறந்த மாதிரி உள்ளே போய்விடும். மழை பெய்யும் வருஷமெல்லாம் எலிக்காய்ச்சல் சீட்டு அவள் மேஜையில் நூறு நூறாக வரும். வெள்ளத்தில் இறங்குகிறவர்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை உண்டு. அவள் ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே டப்பா டப்பாவாக இருந்தது. வாங்கித் தந்திருக்கலாம். மருந்தக வரிசையில் ஈரத் துணியோடு இருமிக்கொண்டு நாற்பது பேர் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் போய் நிற்க அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பதிலாக வீட்டு வாசலில் ஒரு வாளியில் கிருமிநாசினி கலந்து வைத்து, "இதுல காலை முக்கிட்டு வந்தா வாங்க, இல்லைன்னா அங்கேயே இருங்க" என்றாள். அவர் சாவகாசமாக முக்கிவிட்டு வந்தார். அதற்குள் கிருமி பாதி வழி போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்குக் குளிர் எடுத்தது. சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதித்தது. திங்கட்கிழமை வாந்தி. கெண்டைக்காலைத் தொட்டால் அந்தப் பெரிய குரல் தெருக்கோடி வரை கேட்டது. அவள் வாளியை எட்ட நின்று நீட்டினாள். துடைக்கிற துணியைக் குச்சியால் தள்ளினாள். அன்றைக்கு அவரைக் கூடத்தில் படுக்க வைத்துவிட்டு அறையில் தாழ் போட்டுக்கொண்டாள். பிறகு யோசிக்கும்போது மற்ற எதையும்விட இந்தத் தாழ்ப்பாள்தான் அவளை அறுத்தது.

செவ்வாய்க்கிழமை காலை கிடங்கு ஆட்கள் இரண்டு பேர் வந்து அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். அவளும் ஏறினாள். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும், "நீங்க ஓ.பி.ல காமிங்க, நான் லேப்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்" என்று இறங்கிக்கொண்டாள். ஓ.பி. வரிசை தெரு வரைக்கும் நின்றது. எல்லோரும் காய்ச்சல்காரர்கள். அந்த மூச்சுக் காற்றுக்குள் போக அவளால் முடியாது. பத்து மணிக்கு நெட்டையன் வந்து, "உங்க வீட்டுக்காரரைக் காய்ச்சல் வார்டுல சேத்துட்டாங்களாம். கண்ணு சிவந்திருக்கு, எலிக்காய்ச்சல்தான்னு ட்யூட்டி டாக்டர் சந்தேகப்பட்டு உடனே ஊசி ஆரம்பிச்சிட்டாராம்" என்றான்.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. இந்த நோய்க்கு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது, சந்தேகம் வந்ததும் மருந்து போட்டுவிட வேண்டும். அந்த டாக்டர் சின்னப் பையனாக இருந்தாலும் விஷயம் தெரிந்தவன். இனிப் பயமில்லை என்று வேலையைப் பார்த்தாள்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு அந்தக் கூடத்தில் இருந்தது ஒரு சின்ன அட்டைப் பரிசோதனை. சில சொட்டு விட்டு, கால் மணி நேரம் பொறுத்தால் இரண்டு கோடு வரும், அல்லது ஒன்று வரும். இரண்டு என்றால் நோய் இருக்கிறது. ஒன்று என்றால் இல்லை. ஆனால் அந்த அட்டை கிருமியைத் தேடுகிற ஜாதி இல்லை. கிருமியோடு மல்லுக்கட்ட உடம்பு தயார் செய்கிற சரக்கைத் தேடுகிறது. அதைத் தயார் செய்ய உடம்புக்கு ஒரு வாரம் போல ஆகும். மூன்றாம் நாள் ரத்தத்தில் ஒற்றைக் கோடு வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. இதனால்தான் சீட்டில் ஒரு கட்டம் வைத்திருந்தார்கள்: காய்ச்சல் கண்டு எத்தனையாவது நாள்?

அந்தக் கட்டத்தை வார்டில் யாரும் நிரப்புவதில்லை. பேர், வயசு, கட்டில் நம்பர் எழுதும்போதே அவர்களுக்குக் கை ஓய்ந்துவிடும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் வந்தது. கட்டம் காலியாக இருந்தால் அது அடுத்த பக்கத்துக்குப் போகாமல் அடம் பிடித்தது. மூக்கம்மா வார்டுக்கு போன் அடித்துப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை. சீட்டைத் திருப்பி அனுப்பினாள். காலியாகவே மறுபடி வந்தது. நேரே வார்டுக்குப் போய்க் கட்டில் கட்டிலாகக் கேட்டிருக்கலாம். இரண்டு மாடிதான். அந்தப் புளித்த வாடைக்குள் யார் போவது? ஒருநாள் பேனாவை எடுத்து ஒரு சீட்டில் ஏழு என்று போட்டாள். கம்ப்யூட்டர் சாதுவாக அடுத்த பக்கம் போனது. ஒரு வாரம் என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது.

அன்றிலிருந்து அது கூடத்தின் வழக்கமாகிவிட்டது. சீட்டுக் கட்டு வந்ததும் விசிறி மாதிரி விரித்து, பேரையோ நம்பரையோ பார்க்காமல், கட்டத்தில் மட்டும் கண்ணை வைத்து ஏழு, ஏழு, ஏழு என்று போட்டுக்கொண்டே போவாள். அவளுடைய ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு உண்டு. ஒன்று என்று யாரும் தப்பாகப் படித்துவிடக் கூடாதாம். அவ்வளவு பொறுப்பு.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் காய்ச்சல் வார்டிலிருந்து பதினான்கு சீட்டு வந்தது. விரித்தாள், போட்டாள். மதியத்துக்குள் பதினான்கு அட்டையும் பார்த்தாயிற்று. மூன்று பேருக்கு இரண்டு கோடு. மற்றவர்களுக்கு ஒன்று. புருஷனுடைய ரத்தமும் அதில் இருக்கும் என்று தெரியும். மூன்றாம் நாள்தானே, ஒற்றைக் கோடுதான் வரும், அதனால் என்ன, ஊசிதான் ஓடுகிறதே என்று தேடிக்கூடப் பார்க்கவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் வேலை முடிந்ததும் வார்டுக்குப் போய், கட்டிலின் கால்மாட்டில் ஐந்து நிமிஷம் நின்றாள். ஜன்னலோரக் கட்டிலில் கிடங்குக்காரர். அடுத்த கட்டிலில் மீன் சந்தையில் ஐஸ் பாறை இறக்குகிற ஆள், முப்பது வயசு இருக்கும், அவனும் செவ்வாய்க்கிழமை வந்தவன்தான். வெறுங்காலோடு சந்தை ஓடையில் நின்று வேலை செய்கிறவன். அவன் பெண்டாட்டி கட்டிலுக்கு அடியிலேயே ஒரு பிளாஸ்டிக் சாக்கு விரித்துக் குடியிருந்தாள். ஒல்லிக்குச்சி. நகமெல்லாம் அழுக்கு. வியாழக்கிழமை மூக்கம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"அக்கா, அண்ணன் காலைல வாந்தி எடுத்துட்டாரு. ஆயாம்மா வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா, நானே துடைச்சு விட்டுட்டேன். சட்டையையும் அலசிப் போட்டிருக்கேன்."

"நீ எதுக்கு அதையெல்லாம் தொடறே?"

"இதுல என்னக்கா இருக்கு? கையைக் கழுவுனா போச்சு."

மூக்கம்மாவுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தாள். அந்தக் கை தன் மேல் படாமல் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள். கிடங்குக்காரர் தலையணையிலிருந்தே, "ஊசியை நிறுத்திட்டாங்க போல இருக்கு, நேத்துலேருந்து வெறும் குளுக்கோஸ்தான்" என்றார். நிறுத்தினால் ஏதாவது காரணம் இருக்கும், மாத்திரைக்கு மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தாள். கேட்பதற்கு இத்தனை கட்டிலையும் தாண்டி நர்ஸ் மேஜை வரை நடக்க வேண்டும். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் போனபோது கிடங்குக்காரர் அவளைப் பார்த்தார். பார்த்த கண் மஞ்சளாக இருந்தது. மஞ்சளில் சிவப்பு ஓடியிருந்தது. கட்டிலில் தொங்கிய மூத்திரப் பையில் அடியில் மட்டும், டீ டிகாக்ஷன் நிறத்தில், நாலைந்து ஸ்பூன் தேறாது. அவர் ஏதோ சொன்னார். அந்தப் பெரிய குரலைக் காணோம்.

முந்தானை மூக்கிலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்காமல் வார்டு டாக்டரம்மாவின் மேஜைக்குப் போனாள். டாக்டரம்மா ஐம்பது வயசுக்காரர், மூன்று வார்டை ஒரே ஆளாகச் சுமந்து சுமந்து கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தவர்.

"டாக்டர், இவருக்கு ஊசியை எதுக்கு நிறுத்துனீங்க?"

"எலிக்காய்ச்சல் இல்லைன்னு உங்க லேப்லேருந்துதானேம்மா வந்துச்சு?"

"மூணாம் நாள் ரத்தத்துல இல்லைன்னு வந்தா இல்லைன்னு அர்த்தமா? ஞாயித்துக்கிழமை காய்ச்சல். செவ்வாய்க்கிழமை எடுத்த ரத்தம். விரல் விட்டு எண்ணிப் பாருங்க!"

"சீட்டுல ஏழாம் நாள்னு போட்டிருக்குதேம்மா. ஏழாம் நாள்ல நெகட்டிவ்னா வேற காய்ச்சல்னுதானே யோசிப்பேன்? நாலு நாள் காய்ச்சலை வீட்ல சொல்லாம மறைக்கிற ஆம்பளைங்களைத் தினம் பாக்கறேன்."

"என் புருஷன் தும்மினாலே ஊருக்குக் கேக்கும். அவராவது மறைக்கிறதாவது! எந்தக் கழுதை ஏழுன்னு போட்டுச்சு? அந்தச் சீட்டைக் காட்டுங்க. கையெழுத்தைப் பாத்தே சொல்லிடுவேன்."

டாக்டரம்மா கேஸ் ஷீட்டைப் புரட்டி, ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பின் அடித்திருந்த சீட்டைத் திருப்பிக் காட்டினார். நீல மையில் ஒரு ஏழு. நடுவில் நேர்த்தியாக ஒரு குறுக்குக் கோடு.

மூக்கம்மா முந்தானையைத் தேடி மூக்குக்கு ஏற்றினாள்.

"யாருன்னு தெரியுதா?" என்றார் டாக்டரம்மா.

"லேப்ல... யாரோ கை தவறிப் போட்டிருக்காங்க டாக்டர். மூணுதான். சத்தியமா மூணாம் நாள்தான்."

டாக்டரம்மா அதற்குமேல் அவளிடம் பேச நேரம் செலவழிக்கவில்லை. பென்சிலின் ஊசியை அந்த நிமிஷமே ஆரம்பிக்கச் சொன்னார். கிட்னி பிரிவுக்கு போன் போட்டு, மூத்திரம் நின்றுகொண்டு வருகிறது, ரத்தத்தை மிஷினில் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், கட்டில் தயார் செய்யுங்கள் என்றார். எல்லாம் முடிந்து உட்காரும்போது, எரிச்சலாக, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"கட்டத்தைக் காலியா விட்டிருந்தா நானே கேட்டு எழுதியிருப்பேன். காலியா இருந்தா சந்தேகம் வரும். ஏழுன்னு இருந்தா எப்படி வரும்?"

அந்த நேரத்தில் மூக்கம்மா வாயைத் திறந்திருக்க வேண்டும். 'இந்த ஒரு சீட்டு மட்டும் இல்லை டாக்டர், அந்தக் கட்டு முழுக்க அப்படித்தான்' என்று ஒரு வார்த்தை. தொண்டை வரை வந்தது. எத்தனை நாளாக என்று கேட்பார். ஒன்பது வருஷமாக என்று சொல்ல வேண்டும். வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

கிடங்குக்காரரை ஸ்ட்ரெச்சரில் மாற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டில் பெண் அவள் தோளைத் தொட்டாள். அவள் கையில் ஒரு கந்தல் துணி. "அக்கா, நீங்க ஆஸ்பத்திரிலதானே வேலை பாக்கறீங்க? இவரு இருமினா இப்படி வருது. என்னன்னு சொல்லுங்கக்கா."

துணியில் இளஞ்சிவப்பு நுரை. அவள் விரலிலும் அது ஒட்டியிருந்தது.

மூக்கம்மாவுக்கு அது என்னவென்று தெரிந்தது. நுரையீரலில் ரத்தம் கசிய ஆரம்பித்தால் இப்படித்தான் வரும். இவனுடைய சீட்டும் அந்தப் பதினான்கில் ஒன்று. இவனுக்கும் ஒற்றைக் கோடுதான் வந்திருக்கும், இவனுக்கும் ஊசியை நிறுத்தியிருப்பார்கள். எல்லாம் ஒரே நொடியில் தெரிந்தது. முந்தானையை வாயோடு அழுத்திக்கொண்டாள்.

"நர்ஸ்கிட்ட காட்டு" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சர் பின்னால் நடந்தாள்.

கிட்னி பிரிவில் நாலு மணிக்கு அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். தோளில் அந்தப் பெண்ணின் விரல் பட்ட இடம் அரித்துக்கொண்டே இருந்தது. திரும்பக் காய்ச்சல் வார்டுக்குப் போகலாம் என்று படிக்கட்டு வரை போனாள். முதலில் ஒரு குளியல், பிறகு எதுவானாலும் என்று வீட்டுக்குப் போனாள். மூன்று வாளி தண்ணீர் ஊற்றிக் குளித்தாள். சோப்பு கரைந்ததே தவிர அரிப்பு போகவில்லை. கூடத்தில் அவர் படுத்திருந்த பாய் சுருட்டாமல் கிடந்தது. எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது. வேர்வையும் வாந்தியும் கிடங்குச் சாக்கும் கலந்த வாடை. நாற்றம்தான். ஆனால் அவளுக்குக் குமட்டவில்லை. நாளிதழ் ஓரத்தில் செவ்வாய்க்கிழமை ரத்தக் குழாய்களில் ஒட்டியிருந்த கட்டில் நம்பர்களை நினைவுபடுத்தி ஒவ்வொன்றாக எழுதினாள். பதினொன்று தேறியது. நாளைக் காலை முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். போனை எடுத்து அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் கூப்பிட்டால் வார்டில் யாரும் எடுப்பதில்லை என்பது அவளுக்குப் பழைய சாக்கு. அன்றைக்குக் கூப்பிட்டே பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை முதலில் கிட்னி பிரிவு. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கிடங்குக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு விரற்கடை மூத்திரம் இறங்கியிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பாட்டில் பார்த்திருக்கிறாள், ஒன்றுக்கும் கண் கலங்கியதில்லை. இதற்குக் கலங்கியது.

அதே வேகத்தில் நாளிதழ்த் துண்டோடு காய்ச்சல் வார்டுக்கு ஓடினாள். ஐஸ்காரனுடைய கட்டிலில் விரிப்பு இல்லை. ஆயாம்மா ரப்பர் மெத்தையை ஃபினாயில் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க எங்க?"

"விடிகாலைல போயிட்டான்மா. ஒரே ரத்தமா வந்துச்சு. மெத்தைய பாரு, தேய்க்கத் தேய்க்கப் போகமாட்டேங்குது."

மூக்கம்மா டாக்டரம்மாவின் மேஜை முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு எப்படி வந்தது, யார் கொண்டுவந்தது, எத்தனை வருஷம், குறுக்குக் கோடு யாருடையது. நடுவில் நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னாள். டாக்டரம்மா கத்தவில்லை. திட்டவில்லை. நாற்காலியைக் காலால் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். ஓடையோரம் நடக்கிறவர்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வது போல. அந்த முகத்தை மூக்கம்மா நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள். அது அவளுடைய முகம்தான். இதுவரை அதை எதிரிலிருந்து பார்த்ததில்லை.

"நம்பர் எல்லாம் சொல்லுங்க" என்றார்.

பதினொன்றையும் படித்தாள். அதில் ஆறு பேர் இன்னும் வார்டில் இருந்தார்கள். அங்கேயே ஒவ்வொரு கட்டிலாகப் போய், செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுத்தபோது காய்ச்சல் கண்டு எத்தனையாவது நாள் என்று கேட்டு எழுதினார்கள். நாலு, ஐந்து, மூன்று, ஐந்து, ஆறு, நாலு. ஒருவருக்குக்கூட ஏழு இல்லை. கேட்டு முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கண் சிவந்த, கால் வலிக்கிற நாலு பேருக்கு அப்போதே ஊசியை ஆரம்பித்தார்கள்.

"மிச்சத்தை மேலிடத்துல எழுதிக் குடுங்க" என்றார் டாக்டரம்மா, அவள் பக்கம் திரும்பாமல்.

வெளியே பெஞ்சில் ஐஸ்காரன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் சுருட்டிய பிளாஸ்டிக் சாக்கு. அழுது ஓய்ந்த முகம். மூக்கம்மாவைக் கண்டதும் எழுந்தாள்.

"அண்ணன் எப்படிக்கா இருக்காரு?"

"பரவாயில்லை."

"அவராவது பொழைச்சு எந்திரிக்கட்டும்க்கா." சொல்லிவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினாள். "இதைக் குடுத்து அனுப்பிட்டாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்கக்கா. ஊர்ல கேப்பாங்க, என்ன நோவுன்னு."

மூக்கம்மா காகிதத்தை வாங்கினாள். வாய்விட்டுப் படித்தாள். "காய்ச்சல் ஏழாம் நாள் ரத்தப் பரிசோதனை. எலிக்காய்ச்சல் இல்லை. காரணம் தெரியாத காய்ச்சல், நுரையீரலில் ரத்தக்கசிவு..."

"ஏழா?" அந்தப் பெண் விரலை மடக்கி எண்ணினாள். திங்கள், செவ்வாய். "ரத்தம் எடுத்தது ரெண்டாவது நாளுக்கா. திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஐஸ் இறக்கிட்டுத்தான் வந்தாரு. என்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. யாருக்கா இப்படி எழுதுனது?"

கேட்டுக்கொண்டே மூக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிப்பதற்கு அவளுக்கு வேறு கை இல்லை. நக இடுக்கில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. மூக்கம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நான்தான்மா எழுதினேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "நீங்க எதுக்குக்கா..." என்று ஆரம்பித்தாள். பிறகு காகிதத்தைப் பார்த்தாள், மூக்கம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்தாள். எடுத்த கையைச் சேலையில் துடைத்தாள், ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு குழாயடிக்குப் போய் நன்றாகத் தேய்த்துக் கழுவினாள்.